பூட்ஸிலிருந்து வீட்டுச் செருப்புக்கு

பிரெஞ்சில் 'பாந்தூஃப்ள்' என்றால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் மெத்தென்ற செருப்பு. நான் படித்த லிசேயில் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்த முசே, இதற்கு இன்னொரு பொருளும் உண்டு, அது பிறகு தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார். பிறகு தெரிந்துகொண்டேன். அரசுச் சேவையில், அதிலும் சீருடையில் இருந்த ஒருவர் அதைக் கழற்றிவிட்டுத் தனியார் கம்பெனிக்குப் போவதை 'பாந்தூஃப்ளாழ்' என்பார்கள். இது பாரீஸின் எக்கோல் பொலித்தெக்னீக் மாணவர்களின் கொச்சைப் பேச்சிலிருந்து வந்தது. அந்தப் பள்ளி 1794-இல் தொடங்கியது. 1804-இல் நெப்போலியன் அதை ராணுவப் பள்ளியாக மாற்றினார். நல்ல இடம் பிடித்து அரசுப் பணிக்குப் போகிறவன் 'போத்', அதாவது பூட்ஸ், போட்டுக்கொண்டான். அரசுக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டிவிட்டு வெளியே போனவன் செருப்பு போட்டுக்கொண்டான். அப்படிக் கட்டுகிற பணத்துக்கும் 'பாந்தூஃப்ள்' என்றுதான் பெயர்.

நம் புதுச்சேரியில் சொல்தாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். பான்சியோன் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து இந்தோசீனாவையும் அல்ஜீரியாவையும் பேசினார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்களும் சார்ஜெண்டுகளும்தான். சேவை முடிந்தால் ஓய்வூதியம், அதோடு சரி. அவர்களுக்கு மேலே இருந்த அதிகாரிகள் சீருடையைக் கழற்றிய பிறகு எங்கே போனார்கள் என்பதை நாம் அவ்வளவாகப் பார்த்ததில்லை. இன்று நம் நாட்டில் ஓய்வுபெற்ற கர்னலும் பிரிகேடியரும் கம்பெனிகளில் ஆலோசகராகவும் இயக்குநராகவும் சேர்வது சாதாரணமாகிவிட்டது. நம் ராணுவத்தில் கர்னலுக்கு 54 வயதில் ஓய்வு. மகளுக்குக் கல்யாணம் ஆகாமல், மகன் படிப்பு முடியாமல் இருக்கிற வயது அது. அவர் வேலை தேடுவதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் கம்பெனி அவரிடமிருந்து எதை வாங்குகிறது என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பிரான்சில் நடந்த இரண்டு பேரின் கதை பொருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு காலத்தில் வேலையிழந்த அதிகாரிக்கு இன்னொரு படைதான் கதி. 1815-இல் நெப்போலியன் வீழ்ந்ததும் அவருடைய அதிகாரிகளை அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 'தெமி-சோல்த்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. அவர்களில் அலார், வெந்தூரா இருவரும் 1822-இல் லாகூர் வரை வந்து ரஞ்சித் சிங் மகாராஜாவிடம் சேர்ந்தார்கள். கம்பெனி வேலை என்ற ஒன்று அப்போது அவர்களுக்கு இல்லை. அதற்குக் கதவு திறந்தது 1885 ஆகஸ்ட் 14-ஆம் தேதிச் சட்டம். தனியார் போர்த் தளவாடங்கள் செய்யலாம், வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று அந்தச் சட்டம் அனுமதித்தது. இரும்பும் உருக்கும் உருக்கிக்கொண்டிருந்த பெரிய ஆலைகள் பீரங்கி செய்யத் தொடங்கின. பீரங்கி தெரிந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? அரசின் படைக்கலச் சாலைகளில்.

அப்படிப்பட்ட படைக்கலச் சாலை ஒன்று பாரீஸுக்குப் பக்கத்தில் புத்தோவில் இருந்தது. அங்கே அதிகாரியாக இருந்தவர் அல்பேர் தெபோர். பழைய பீரங்கி ஒவ்வொரு முறை சுட்டதும் பின்னால் ஓடும். அதைத் தள்ளி வைத்து மறுபடி குறி பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஹவுஸ்னர் என்ற பொறியாளர், குழல் மட்டும் நீளமாகப் பின்வாங்கித் திரும்பி வரும்படி, வண்டி நின்ற இடத்தில் நிற்கும்படி ஒரு யோசனை வைத்திருக்கிறார் என்ற செய்தி பாரீஸுக்கு எட்டியது. கிருப் கம்பெனி அந்த யோசனையைத் தள்ளிவிட்டது. பீரங்கித் துறையின் இயக்குநர் ஜெனரல் மத்தியே, இது நம்மால் முடியுமா என்று தெபோரிடம் கேட்டார். தெபோர் ஆராய்ந்து பார்த்து முடியும் என்றார். எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்றும் சேர்ந்து குழலின் உதைப்பைத் தாங்கித் திருப்பி அனுப்பும் அமைப்பு அது. இதிலிருந்து வந்ததுதான் பிரான்சின் புகழ்பெற்ற 75 மில்லிமீட்டர் பீரங்கி. நிமிடத்துக்கு 15 குண்டுகள் சுடும். 1914-18 யுத்தத்துக்குப் போன நம்மூர்க்காரர்களின் வீடுகளில் இந்த 'சுவாசாந்த் கேன்ஸ்' என்ற பெயர் வெகுகாலம் ஒலித்தது.

பீரங்கி முழுமை பெறுவதற்குள் தெபோர் கிளம்பிவிட்டார். 1894-இன் இறுதியில் பதவி உயர்வுப் பட்டியலில் அவருடைய பெயர் விடுபட்டது. ராஜினாமா செய்துவிட்டு ஷத்தியோன்-கொமாந்த்ரி என்ற தனியார் உருக்கு நிறுவனத்தில் சேர்ந்தார். நான் முப்பது வருடத்துக்கு மேல் பணிமூப்புப் பட்டியல்களைத் தட்டச்சு செய்தவன். பட்டியலில் ஒரு பெயர் விடுபடுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பு, ஒரு வருடக் குறைவு, மேலே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நாட்டின் மிக ரகசியமான ஆயுதத்தைத் தலைக்குள் வைத்திருந்தவரை ஒரு பட்டியல் வெளியே அனுப்பியது.

இதே வருடம் டிசம்பரில்தான், இதே பாரீஸில், கேப்டன் திரெய்ஃபூஸை ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. பீரங்கி ரகசியங்களை ஜெர்மானியருக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரமாகக் காட்டிய காகிதத்தில் 120 மில்லிமீட்டர் பீரங்கியின் உதைப்பைத் தாங்கும் அமைப்பைப் பற்றிய குறிப்பு ஒன்று இருந்தது. அவர் நிரபராதி என்று பிறகு நிரூபணமானது உலகறிந்த கதை. எனக்கு வியப்பு வேறு. செய்யாத குற்றத்துக்கு ஒருவரைத் தீவாந்தரம் அனுப்பிய அதே ராணுவம், இன்னொருவர் தன் தலைக்குள் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு வியாபார நிறுவனத்துக்குப் போவதைத் தடுக்க ஒரு விதியும் வைத்திருக்கவில்லை. தெபோர் துரோகியல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். அவர் எதையும் திருடவில்லை. தன் மூளையோடு போனார்.

அந்த மூளை அங்கே சும்மா இருக்கவில்லை. பின்னால் நிலத்தில் ஊன்றும் காலை இரண்டாகப் பிரித்து விரிக்கும்படி அவர் ஒரு புதிய பீரங்கி செய்தார். அதனால் குழலை மிக உயரமாகத் தூக்கலாம், இரண்டு பக்கமும் நிறையத் திருப்பலாம். பிரெஞ்சு ராணுவத்துக்கு அது தேவைப்படவில்லை. தன் 75-ஐயே கட்டிக்கொண்டிருந்தது. வாங்கியது இத்தாலி. 1911 மாடல் என்று பெயரிட்டு, உரிமம் பெற்று ஏராளமாகச் செய்துகொண்டது. அன்று இத்தாலி யாருடைய கூட்டாளி என்று சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும்: ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும். பிரெஞ்சு அதிகாரி ஒருவர், பிரெஞ்சு அரசுச் செலவில் கற்ற வித்தையால் செய்த பீரங்கி, எதிரணியின் கையில். 1915 மே மாதம் இத்தாலி கட்சி மாறிப் பிரான்சோடு சேர்ந்தது. அந்தப் பீரங்கிகள் ஆஸ்திரியர்களைப் பார்த்துச் சுட்டன. மாறியிருக்காவிட்டால் தெபோரின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ.

தெபோர் விட்டுப்போன வேலையைப் புத்தோவில் முடித்தவர்கள் இருவர்: சேந்த்-கிளேர் தெவில், அவருக்கு உதவியாக எமில் ரிமாயோ. 1864-இல் பிறந்த ரிமாயோ பொலித்தெக்னீக்கில் படித்தவர். 75-க்குப் பிறகு 1904-இல் 155 மில்லிமீட்டர் பெரிய பீரங்கி ஒன்றையும் வேகமாகச் சுடும்படி செய்தார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெயர் வைத்தார்கள், ஆனால் படைக்கலச் சாலையில் செய்த கண்டுபிடிப்பு அரசுக்குச் சொந்தம். விற்பனையில் பங்கு என்ற பேச்சே கிடையாது. 1913-இல் அவரும் செருப்பு மாட்டிக்கொண்டார். சேர்ந்த இடம் சேன்-ஷமோன் உருக்காலை. ஊர் பெயரே கம்பெனிப் பெயராக வழங்கிவந்தது. அடுத்த வருடமே யுத்தம் வந்தது.

யுத்தம் பதுங்குகுழிகளில் சிக்கிக்கொண்டது. 1915 டிசம்பர் முதல் தேதி, கர்னல் எத்தியேன் என்ற பீரங்கிப்படை அதிகாரி தளபதி ழோஃப்ருக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போகும் கவச வண்டி செய்தால் முள்வேலியையும் குழியையும் தாண்டலாம் என்பது அவருடைய யோசனை. இவரும் பொலித்தெக்னீக்தான், ஆனால் பூட்ஸைக் கழற்றாதவர். ஷ்னேதெர் கம்பெனியோடு சேர்ந்து வேலை நடந்தது. 1916 பிப்ரவரியில் 400 வண்டிகளுக்கு ஆர்டர் போனது. இரண்டே மாதத்தில், ஏப்ரலில், இன்னொரு 400 வண்டிகளுக்கு சேன்-ஷமோனுக்கு ஆர்டர் போயிற்று. எத்தியேனைக் கேட்கவில்லை. ராணுவத்தின் மோட்டார் வண்டிப் பிரிவு, தன்னை ஒதுக்கிவிட்டு எத்தியேனும் ஷ்னேதெரும் காரியம் செய்ததில் மனத்தாங்கலோடு இருந்தது. ஆலையில் ரிமாயோ இருந்தார். ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் உள்ள பொறாமை எப்படி ஃபைலாக உருவெடுக்கும் என்று அரசாங்கத்தில் குப்பை கொட்டிய என் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

ரிமாயோ செய்த வண்டி 23 டன். பெட்ரோல் என்ஜின் மின்சாரம் தயாரிக்க, அந்த மின்சாரம் மோட்டார்களை ஓட்டும். அந்தக் காலத்துக்கு அது நேர்த்தியான ஏற்பாடு, ஓட்டுவது சுலபம். ஷ்னேதெர் வண்டியில் குட்டையான பீரங்கிதான் இருந்தது. இவர் முழு நீள 75 வைத்தார். அந்த நீளத்துக்கு இடம் வேண்டி வண்டியின் உடல் நீண்டது. கீழே இருந்த சங்கிலிப் பட்டை அதற்கு ஏற்றபடி நீளவில்லை. முன்பாகம் பட்டையைத் தாண்டிக் காண்டாமிருகத்தின் மூக்குபோல் நீட்டிக்கொண்டு நின்றது. தட்டையான தரையில் ஓடும். பள்ளத்தில் இறங்கினால் மூக்கு எதிர்க்கரையில் குத்தி நின்றுவிடும்.

அதுவும் எந்த 75? முதல் 165 வண்டிகளில் வைத்தது ராணுவத்தின் வழக்கமான 75 அல்ல, சேன்-ஷமோன் ஆலையின் சொந்த 75. அதற்குப் பிறகுதான் ராணுவத்தின் பீரங்கியை வைத்தார்கள். ரிமாயோவின் பேரில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் பழி இதுதான்: தன் பீரங்கி விற்றால் தனக்குக் காசு வரும் என்பதற்காகவே வண்டியை அவ்வளவு நீளமாக்கினார் என்று.

1917 மே 5-ஆம் தேதி லஃபோ என்ற இடத்தில் இந்த வண்டிகள் முதன்முதலாகச் சண்டைக்குப் போயின. பல வண்டிகள் குழிகளில் மூக்கைக் கொடுத்து மாட்டிக்கொண்டன. நகர முடியாத வண்டி எதிரியின் பீரங்கிக்கு எவ்வளவு நல்ல இலக்கு என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வண்டிக்குள் எட்டு ஒன்பது பேர், என்ஜின் சூட்டிலும் புகையிலும். முதல் ஓட்டங்களைப் பார்த்த ராணுவத்தினர் முன்னாலேயே முறையிட்டிருந்தார்கள். ஆனால் 400 வண்டிகளுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டதே. 1918-இல் போர் திறந்த வெளிக்கு வந்தபோதுதான் அந்த நீளப் பீரங்கி உதவியது. தூரத்திலிருந்து ஜெர்மன் பீரங்கிகளை அடித்தது. எத்தியேன் அதற்குள் ரெனோவோடு சேர்ந்து சிறிய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். பிரான்சுக்கு வெற்றி தந்தது அதுதான்.

காசுக்காகத்தான் ரிமாயோ அப்படிச் செய்தாரா? நான் படித்த அளவில் ஒரு பக்கம் சாய எனக்கு மனம் வரவில்லை. முழு நீள 75 வேண்டும் என்று ஒரு பீரங்கிக்காரர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. 1918 அதைக் காட்டியது. ஆனால் அவர் ஆலையின் ஆளாக இல்லாமல் புத்தோவின் அதிகாரியாகவே இருந்திருந்தால் இந்தச் சந்தேகம் எழுந்தே இருக்காது. வண்டி இதே மாதிரி மோசமாக இருந்திருக்கலாம். தவறு என்று சொல்லியிருப்பார்கள், பேராசை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தெபோரிடம் அவருடைய ஆலை வாங்கியது அறிவு மட்டும்தான். சொந்த ராணுவத்துக்கு விற்க அவரால் முடியவில்லை, வெளியே போனார். ரிமாயோவிடம் சேன்-ஷமோன் வாங்கியது அறிவையும், யார் கதவைத் தட்டலாம் என்பதையும் சேர்த்து. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து நிறுக்க ஒரு தராசு இல்லை.

யுத்தம் முடிந்ததும் பிரான்ஸ் ஒரு சட்டம் செய்து பார்த்தது. 1919 அக்டோபர் 6-ஆம் தேதிச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தைக் கண்காணித்த அல்லது அதனோடு ஒப்பந்தம் போட்ட அரசு அதிகாரி, பதவி விட்டு ஐந்து வருடத்துக்குள் அங்கே வேலைக்குச் சேர்ந்தால் அது தண்டனைக்குரிய குற்றம். 2007-இல் ஐந்தை மூன்றாக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. தெபோர், ரிமாயோ இருவருமே இந்தச் சட்டத்தில் சுலபமாகச் சிக்கியிருக்க மாட்டார்கள். அவர்கள் கம்பெனியைக் கண்காணிக்கவில்லை, பீரங்கி செய்தார்கள்.

நம் நாட்டில் 1972-ஆம் வருட மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் இரண்டு வருடம் என்று வைத்திருந்தார்கள். இப்போது ஒரு வருடம். ராணுவ அதிகாரிகளுக்கும் இதே மாதிரி கட்டுப்பாடு உண்டு. என் மேசைக்கும் இப்படிச் சில விண்ணப்பங்கள் வந்ததுண்டு, சிவில் அதிகாரிகளுடையவை. கடைசிக் காலப் பணியில் அந்த நிறுவனத்தோடு அலுவல் தொடர்பு இருந்ததா என்று ஒரு கேள்வி இருக்கும். 'இல்லை' என்ற பதிலைத் தவிர வேறு பதிலை நான் பார்த்ததில்லை. பழைய விதியில் இன்னொரு வசதியும் இருந்தது. 60 நாளுக்குள் அரசு மறுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே பொருள். 60 நாள் ஒரு ஃபைல் தூங்குவது நம் அலுவலகங்களில் ஒரு விஷயமா?

ரிமாயோவின் கதை அந்தக் கவச வண்டியோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவருக்கு இன்னொரு வாழ்வு இருந்தது. அது பலருக்குத் தெரியாது. யுத்தத்துக்குப் பிறகு ரயில் வண்டிகள் செய்து பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை ஒழுங்கைச் சீர்படுத்துவதில் இறங்கினார். ஒரு பொருள் செய்ய உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது அவரைக் குடைந்த கேள்வி. நம் ரோடியர் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு விலை தெரியும், நெய்கிறவர் கூலி தெரியும். ஆனால் கொதிகலன் அறையின் கரி, மேஸ்திரியின் சம்பளம், கணக்கப்பிள்ளையின் மேசை விளக்கு, இவையெல்லாம் ஒரு கஜம் துணியில் எவ்வளவு? எல்லாரும் குத்துமதிப்பாக ஒரு சதவீதம் ஏற்றிவிடுவார்கள். ரிமாயோ சொன்னது: ஆலையை ஒரே தன்மையுள்ள பிரிவுகளாகப் பிரியுங்கள். நூற்பு ஒரு பிரிவு, நெசவு ஒரு பிரிவு, சாயம் ஒரு பிரிவு, கொதிகலன் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவின் வேலைக்கும் ஒரு அளவை வையுங்கள்: இயந்திரம் ஓடிய மணி நேரமோ, ஆள் உழைத்த மணி நேரமோ. செலவை முதலில் பிரிவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அந்த அளவையின்படி பொருளுக்குக் கொண்டுபோங்கள். 1920-களின் பிற்பகுதியில் பிரெஞ்சு முதலாளிகள் சங்கத்தின் ஆய்வுக்குழு இதை ஏற்று அறிக்கை வெளியிட்டது. 1947-இல் பிரெஞ்சு அரசின் பொதுக் கணக்குத் திட்டத்திலேயே இடம்பெற்றது. வணிகக் கணக்கியல் பிரெஞ்சில் படித்தவர்கள் 'செக்சியோன் ஓமோழேன்' என்ற பெயரை எங்காவது கேட்டிருப்பார்கள். அது இந்தப் பீரங்கிக்காரர் கொடுத்தது. படைக்கலச் சாலையில் ஒரு பீரங்கியின் அடக்கவிலை என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டதில்தான் அந்த யோசனைக்கு வித்து விழுந்ததாம்.

ராணுவத்திலிருந்து ஒரு மனிதர் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனவற்றில் இதற்கு மட்டும் யாரும் அவர்மேல் பழி சொன்னதில்லை. கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் எனக்கு அவருடைய பீரங்கியைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

எத்தியேன் ஜெனரலாகி 1922-இல் ஓய்வு பெற்றார், 1936-இல் காலமானார். ரிமாயோ தொண்ணூறு வயது வாழ்ந்து 1954-இல் போனார். நம் ஊர் கைமாறிய அதே வருடம். அவருடைய 400 வண்டிகளில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. வெகுகாலம் அமெரிக்காவில் கிடந்து பிரான்சுக்குத் திரும்பி வந்தது. இப்போது சோமூர் நகரத்துக் கவச வண்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பிரான்சில் இருக்கும் நண்பர்கள் அடுத்த முறை போகும்போது லுவார் நதிக்கரைப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். மூக்கு எவ்வளவு நீளம் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.